யார் கேட்டு வந்த மடல் இது?

1978 மே மாதம், அமெரிக்காவின் அர்பாநெட் வலைப்பின்னலில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடல் போனது. அனுப்பியவர் கேரி துர்க். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தில் சந்தைப்படுத்தல் வேலை பார்த்தவர். புதிய கணினி ஒன்றைக் கலிஃபோர்னியாவில் இரண்டு இடங்களில் இயக்கிக் காட்டப்போகிறோம், வந்து பாருங்கள் என்பதுதான் செய்தி. அன்றைய மென்பொருள் அத்தனை முகவரிகளைத் தாங்கவில்லை. பெறுநர் பகுதியில் கொள்ளாதவை மடலின் உள்ளேயே வழிந்தன. விளம்பரத்தைப் படிக்க வேண்டுமானால் முதலில் நீண்ட முகவரிப் பட்டியலைத் தாண்ட வேண்டும்.

வலைப்பின்னலை நிர்வகித்த அதிகாரிகள் இதை விதிமீறல் என்று கண்டித்தார்கள். பின்னாளில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், இதில் என்ன பெரிய கெடுதல் என்ற தொனியில்தான் முதலில் எழுதினார். இன்னொருவர் அனுப்பிவைத்த பிரதியைக் கண்ணால் பார்த்ததும், இவ்வளவு நீளமான தலைப்பகுதியுடன் யாரும் எதையும் அனுப்பக் கூடாது என்று மாற்றிச் சொன்னார்.

இந்த மடலைத்தான் வணிக ஸ்பேமின் முதல் உதாரணமாகக் காட்டுவது வழக்கம். அந்த மடலில் ஒரு பொய்யும் இல்லை. அனுப்பியவர் தம் சொந்தப் பெயரில் அனுப்பினார், நிறுவனம் இருந்தது, பொருள் இருந்தது. பெற்றவர்கள் கணினி வாங்கக்கூடிய இடங்களில் இருந்தவர்கள். சிலருக்கு அது பயன்பட்டும் இருக்கும். ஆனாலும் யாரும் கேட்டு வந்ததல்ல. லாட்டரிப் பரிசு, வங்கியின் பெயரில் கடவுச்சொல் கேட்பது போன்ற மோசடிகளைக் கண்டுபிடிப்பது கடினமான வேலைதான். அங்கே தேடுவதற்கு ஒரு பொய்யாவது இருக்கிறது. உண்மையான ஒரு நிறுவனம் கேளாமல் அனுப்பும் விற்பனை மடலில் அதுவும் இல்லை. அப்படியானால் ஸ்பேம் வடிகட்டி எதை வைத்து முடிவெடுக்கிறது? மடலில் எழுதியிருப்பது மட்டும் இதற்குப் போதாது என்பதை மின்னஞ்சல் நிறுவனங்கள் பல ஆண்டுப் பாடுகளுக்குப் பிறகே முழுதாக உணர்ந்தன.

சிக்கலின் வேர் மின்னஞ்சலின் அமைப்பிலேயே இருக்கிறது. ஏதோ ஒரு கணினி வேண்டாத செய்திகளை அனுப்பிக்கொண்டே இருந்தால், அதை மட்டும் தேர்ந்து மறுக்கப் பெறும் கணினிக்கு வழியில்லை என்று இணைய முன்னோடி ஜான் போஸ்டல் 1975லேயே ஒரு குறிப்பு எழுதினார். அவரே 1982இல் எழுதிய எஸ்.எம்.டி.பி. என்ற விதிமுறைதான் இன்றும் மடல்களைச் சர்வரிலிருந்து சர்வருக்குக் கொண்டுபோகிறது. அனுப்பும் சர்வர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். அனுப்புநர் இவர், பெறுநர் இவர் என்று சொல்லும். பிறகு மடலை ஒப்படைக்கும். அந்த மூல விதிமுறையில் சொன்னதற்குச் சான்று கேட்கும் இடமே இல்லை. ஒருவரையொருவர் அறிந்த சில நூறு ஆய்வு நிலையங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

செலவும் பெறுபவர் தலையில்தான் விழுகிறது. 2008இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஸ்பேம் அனுப்பிக்கொண்டிருந்த ஸ்டார்ம் என்ற கணினிக் கூட்டத்தின் ஒரு பகுதிக்குள் நுழைந்து, மருந்து விளம்பர மடல்களிலிருந்த இணைப்புகளைத் தாங்கள் அமைத்த போலிக் கடைக்குத் திருப்பினார்கள். 26 நாட்களில் ஏறத்தாழ 35 கோடி மடல்கள் போயின. வாங்குவதற்குக் கடைசிப் படிவரை வந்தவர்கள் 28 பேர். ஒரு கோடிக்கு ஒருவர்கூட இல்லை. அனுப்பும் செலவு ஏறக்குறைய இல்லாததால் அதுவே லாபமாகிவிடுகிறது. மீதிக் கோடிகளைச் சேமிக்கவும் அழிக்கவும் ஆகும் செலவும் நேரமும் பெறுநர்களுடையவை.

அதனால் முதல் சோதனை, மடலை வாங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. இணைப்புக் கேட்கும் கணினியின் ஐபி முகவரி எது என்பதே முதல் கேள்வி. 1990களின் பிற்பாதியில் பால் விக்ஸியும் சக பொறியாளர்களும் ஸ்பேம் அனுப்பும் ஐபி முகவரிகளைப் பட்டியலிட்டு, அதை டி.என்.எஸ். வழியாகவே யாரும் விசாரித்துக்கொள்ளும்படி அமைத்தார்கள். டி.என்.எஸ். என்பது இணையதளப் பெயரைக் கொடுத்தால் எண் முகவரியைத் தரும் பொது அடைவு. 192.0.2.45 என்ற முகவரியிலிருந்து ஒருவர் வந்தால், அந்த எண்களைத் தலைகீழாக்கி, 45.2.0.192 என்பதன் பின்னால் பட்டியலின் பெயரைச் சேர்த்து, அப்படி ஒரு பெயர் உண்டா என்று சர்வர் கேட்கும். 127.0.0.2 போன்ற விடை வந்தால் முகவரி தடைப்பட்டியலில் இருக்கிறது. அப்படியொரு பெயரே இல்லை என்று வந்தால் பட்டியலில் இல்லை. நொடிக்கும் குறைவான நேரத்தில் முடியும் விசாரணை இது. 1998இல் ஸ்டீவ் லின்ஃபோர்ட் தொடங்கிய ஸ்பேம்ஹவுஸ் அமைப்பின் பட்டியல்களை இன்றும் உலகெங்கும் சர்வர்கள் இப்படித்தான் கேட்கின்றன. பட்டியலில் இருப்பவரின் மடல் ஒரு வரிகூடப் படிக்கப்படாமல் 550 என்ற மறுப்பு எண்ணுடன் திரும்பிவிடும்.

இங்கே ஓர் அநியாயமும் நடக்கிறது. பல சிறு நிறுவனங்கள் ஒரே வாடகைச் சர்வரையும் ஒரே ஐபி முகவரியையும் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று கண்டபடி விளம்பரம் அனுப்பினால் மற்ற எல்லாருடைய ரசீதுகளும் விலைப்பட்டியல்களும் சேர்ந்து நின்றுபோகும். ஐபி முகவரி ஒரு கணினியைக் காட்டுமே ஒழிய ஆளைக் காட்டாது.

ஆளைக் காட்டுவதற்காக வந்தவைதான் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகிய மூன்றும். தபாலில் உறையின் மேல் ஓர் அனுப்புநர் முகவரி இருக்கும், உள்ளே கடிதத்தாளின் தலைப்பில் இன்னொன்று இருக்கும்; இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மின்னஞ்சலிலும் அப்படித்தான். சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் அனுப்புநர் முகவரி வேறு, நம் திரையில் தெரியும் அனுப்புநர் முகவரி வேறு. எங்கள் டொமைன் பெயரில் மடல் அனுப்ப உரிமையுள்ள ஐபி முகவரிகள் இவை என்று டொமைன் உரிமையாளர் டி.என்.எஸ்.ஸில் அறிவிப்பது எஸ்.பி.எஃப். அது உறையின் மேல் இருப்பதைச் சோதிக்கிறது. யாஹூவும் சிஸ்கோவும் தனித்தனியே வகுத்த முறைகள் இணைந்து 2007இல் வெளிவந்தது டி.கே.ஐ.எம். இதில் அனுப்பும் சர்வர் மடலின் மேல் டிஜிட்டல் கையொப்பம் இடுகிறது. கையொப்பமிடும் சாவி அதனிடம் மட்டும் இருக்கும்; சரிபார்க்கும் சாவி டி.என்.எஸ்.ஸில் எல்லாருக்கும் கிடைக்கும். கையொப்பத்தில் அடங்கிய பகுதி வழியில் மாறினால் கணக்கு ஒத்துவராது. திரையில் தெரியும் முகவரியின் டொமைனோடு இவ்விரண்டில் ஒன்றாவது பொருந்துகிறதா, பொருந்தாவிட்டால் மடலை என்ன செய்யலாம் என்பதை டொமைன் உரிமையாளரே சொல்லிவைப்பது டிமார்க். 2012இல் பெரிய நிறுவனங்கள் சில சேர்ந்து அதை அறிமுகப்படுத்தின.

இந்த மூன்றிலும் தேறினால் மடல் நல்லதென்று அர்த்தமில்லை. ஸ்பேம் அனுப்புபவரும் ஒரு டொமைன் வாங்கி மூன்றையும் ஒழுங்காக அமைத்துக்கொள்ள முடியும். பலர் அமைத்தும் வைத்திருக்கிறார்கள். இவற்றின் பயன் வேறு. இந்த மடலுக்கு இந்த டொமைன்தான் பொறுப்பு என்பது உறுதியாகிறது. இன்று அனுப்பியதன் விளைவு நாளை அதே பெயரின் மேல் வந்து விழும்.

ஒரு காலத்தில் வடிகட்டியின் வேலை என்றாலே மடலைப் படிப்பது என்றுதான் பொருள். பொருள் வரி முழுக்கப் பெரிய எழுத்தா, இலவசம் என்ற சொல் உண்டா, ஆச்சரியக்குறி எத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். 2001இல் வந்த ஸ்பேம்அசாசின் என்ற கட்டற்ற மென்பொருளில் கூட்டல் 5 மதிப்பெண்ணை எட்டினால் ஸ்பேம் என்பது வழக்கமான எல்லை. ஆனால் எந்தச் சொல்லுக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒருவர் உட்கார்ந்து தீர்மானிக்கிறவரை எதிராளி ஒரு படி முன்னால்தான் இருப்பார்.

2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் என்ற நிரலாளர் எழுதிய கட்டுரை அந்தப் போக்கை மாற்றியது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் உள்ளிட்ட சிலர் 1998லேயே முன்வைத்த யோசனைதான் அது. எல்லாருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர் கிரஹாம். நல்ல மடல்களை ஒரு குவியலாகவும் ஸ்பேமை ஒரு குவியலாகவும் வைத்து, ஒவ்வொரு சொல்லும் எந்தக் குவியலில் எவ்வளவு வருகிறது என்று கணினியையே எண்ணவிட வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் தாமஸ் பேய்ஸ் தந்த நிகழ்தகவு விதி மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒரு சொல் இருந்தால் மடல் ஸ்பேமாக இருக்க 90 விழுக்காடு வாய்ப்பு, இன்னொரு சொல்லுக்கு 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே மடலில் இருந்தால்? 0.9ஐயும் 0.8ஐயும் பெருக்கினால் 0.72. ஸ்பேம் அல்ல என்ற பக்கத்தில் 0.1 பெருக்கல் 0.2, அதாவது 0.02. மொத்தம் 0.74இல் 0.72 என்பது 97 விழுக்காட்டுக்கு மேல். தனித்தனியே உறுதியில்லாத இரண்டு தடயங்கள் சேர்ந்ததும் ஏறக்குறைய உறுதியாகிவிடுகின்றன. கிரஹாம் ஒவ்வொரு மடலிலும் மிகத் தெளிவாகப் பேசும் 15 சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டார். எந்த மனிதரும் யோசித்திராத தடயங்கள் அதில் வெளிப்பட்டன. இணையப் பக்கங்களில் பளிச்சென்ற சிவப்பு நிறத்தைக் குறிக்கும் எஃப்எஃப்0000 என்ற குறியீடு, ஆபாசச் சொற்களுக்கு இணையாக ஸ்பேமைக் காட்டிக்கொடுத்தது.

அவர் செய்த இன்னொரு காரியத்துக்கு நான் மிகுந்த மதிப்புத் தருகிறேன். நல்ல மடலில் வந்த சொற்களின் எண்ணிக்கையை அவர் இரட்டிப்பாக்கினார். ஒரு ஸ்பேம் தப்பி உள்ளே வந்தால் நமக்குச் சில நொடி எரிச்சல்தான். ஒரு வேலை நியமன மடலோ மருத்துவமனையின் அறிக்கையோ ஸ்பேம் என்று ஒதுக்கப்பட்டால் இழப்பு அளவிட முடியாதது. இரண்டு பிழைகளும் சமமல்ல என்பதைக் கணக்குக்குள்ளேயே எழுதிவைத்தவர் அவர்.

எதிர்ப்பக்கம் சும்மா இருக்கவில்லை. நாவல்களிலிருந்து பத்திகளை வெட்டி அடியில் ஒட்டி நல்ல சொற்களைப் பெருக்கினார்கள். எழுத்தே இல்லாமல் படமாக அனுப்பினார்கள். ஆங்கில எழுத்துக்குப் பதில் அதேபோல் தெரியும் ரஷ்ய எழுத்தைச் செருகினார்கள். கண்ணுக்கு ஒரே சொல், கணினிக்கு வேறு சொல். கூகுள் 2023இல் வெளியிட்ட ரெட்வெக் என்ற எழுத்துப் பகுப்பு முறை, எழுத்து மாற்றத்தையும் திட்டமிட்ட எழுத்துப்பிழையையும் மீறிச் சொல்லை அடையாளம் காணப் பயிற்றப்பட்டது. அதைச் சேர்த்தபின் ஜிமெயிலில் ஸ்பேமைப் பிடிக்கும் திறன் 38 விழுக்காடு கூடியது, நல்ல மடலைத் தவறாக ஒதுக்குவது 19.4 விழுக்காடு குறைந்தது என்று அந்த நிறுவனம் அறிவித்தது.

இவ்வளவும் மோசடியையும் கூச்சலையும் பிடிக்கும். கேரி துர்க் அனுப்பியதைப் போன்ற மடலைப் பிடிக்காது. உங்கள் நிறுவனத்துக்கு எங்கள் மென்பொருள் பயன்படும், செவ்வாயன்று பத்து நிமிடம் பேசலாமா என்ற மடலில் இருக்கும் சொற்கள் எல்லாம் உண்மையான அலுவலகக் கடிதங்களிலும் இருப்பவை. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வாடிக்கையாளர் எழுதினால் அது முக்கியமான மடல். முன்பின் தெரியாதவர் இரண்டாயிரம் பேருக்கு அனுப்பினால் அது தொந்தரவு. வேறுபாடு மடலுக்குள் இல்லை, பெறுபவரிடம் இருக்கிறது. எனவே இன்றைய வடிகட்டி பெறுபவரைக் கவனிக்கிறது.

ஸ்பேம் பொத்தானை அழுத்துகிறாரா, ஸ்பேம் பெட்டிக்குள் தேடிப்போய் மீட்கிறாரா, பதில் எழுதுகிறாரா, திறக்காமலே அழிக்கிறாரா. எந்தச் சைகைக்கு எவ்வளவு எடை என்பதை நிறுவனங்கள் சொல்வதில்லை. மைக்ரோசாஃப்ட் தன் பயனர்களில் சிலரைத் தேர்ந்து, அவர்களுக்கு வந்த மடலையே காட்டி, இது குப்பையா இல்லையா என்று நேரடியாகக் கேட்டு அந்த விடைகளைச் சேர்க்கிறது. இவற்றில் மிக வலுவானது ஸ்பேம் பொத்தான். ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 மடல்களோ அதற்கு மேலோ அனுப்புவோருக்குக் கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து விதித்திருக்கும் வரம்பு, புகார் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது என்பது. 0.1 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருப்பதே நல்லது என்றும் கூகுள் சொல்கிறது. 5,000 மடல்கள் இன்பாக்ஸை அடைந்தால் 15 பேர் அந்தப் பொத்தானை அழுத்துவது 0.3 விழுக்காடு. மீதி 4,985 பேர் பேசாமல் இருந்தாலும் அந்த 15 பேர் அந்த டொமைனின் பெயரைக் கெடுத்துவிட முடியும்.

விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியல்களை வேறு விதமாகவும் பிடிக்கிறார்கள். எந்த மனிதரும் பயன்படுத்தாத, எங்கும் பதிவுசெய்யப்படாத சில முகவரிகளை இணையத்தில் ஒளித்துவைப்பார்கள். அவற்றுக்கு மடல் வந்தால், அனுப்பியவர் இணையத்தை அலசி முகவரி திரட்டுகிறார் என்பது தெரிந்துவிடும். பல காலம் முன் மூடப்பட்ட கணக்குகளையும் இப்படிப் பொறியாக்குவதுண்டு. பழைய பட்டியலைத் தூசிதட்டி அனுப்புபவர் அதில் சிக்குவார்.

விற்பனை மடல் அனுப்புவோர் இதற்கும் வழி கண்டார்கள். நிறுவனத்தின் உண்மையான டொமைனைக் கெடுத்துக்கொள்ளாமல் அதே சாயலில் பத்து டொமைன்கள் வாங்கி, ஒவ்வொன்றிலிருந்தும் நாளுக்குச் சில பத்து மடல்கள் மட்டும் அனுப்புகிறார்கள். புதிய கணக்குகளை ஒரு கூட்டத்தில் சேர்த்து, அவை தமக்குள்ளேயே மடல் எழுதி, பதில் எழுதி, ஸ்பேம் பெட்டியிலிருந்து மீட்டுக்கொள்ளும்படி தானியங்கி ஏற்பாடு செய்கிறார்கள். மனிதர் காட்டும் விருப்பத்தைப் போலியாகச் செய்யும் இந்த வேலை எனக்குக் கோபம் மூட்டுகிறது. இது மற்றெல்லாருடைய மடல்களின் மேலும் ஐயத்தைப் படியவைக்கிறது. டொமைன் எப்போது பதிவானது, வெவ்வேறு முகவரிகளிலிருந்து வந்தாலும் வாசகம் ஒரே அச்சா, உள்ளே இருக்கும் இணைப்புகள் எந்தத் தளத்துக்குப் போகின்றன என்று பார்த்து இந்தக் கூட்டங்களை வடிகட்டிகள் பிடிக்க முயல்கின்றன.

சட்டம் இதில் பின்தங்கியே நிற்கிறது. 2004 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டம், கேளாமல் வணிக மடல் அனுப்புவதைத் தடுக்கவில்லை. வேண்டாம் என்றால் பத்து வேலை நாட்களுக்குள் நிறுத்து, உண்மையான அஞ்சல் முகவரி கொடு, ஏமாற்றும் பொருள் வரி எழுதாதே என்கிறது. 2014இல் நடைமுறைக்கு வந்த கனடாச் சட்டம் முன்கூட்டியே சம்மதம் கேட்கிறது. இந்தியாவில் விளம்பர அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் டிராய் அமைப்பின் 2018 ஒழுங்குமுறை உண்டு. மின்னஞ்சலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. நடைமுறையில் உலகெங்கும் ஆள்வது ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் ஆகியவற்றின் விதிகளே. சட்டம் பத்து வேலை நாள் தருகிற இடத்தில் கூகுளும் யாஹூவும் இரண்டே நாளில் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்கின்றன.

விலகும் பொத்தானும் ஒரே அழுத்தில் வேலை செய்ய வேண்டும். அதற்கான 2017ஆம் ஆண்டு விதிமுறையின் பின்னால் சுவையான காரணம் ஒன்று உண்டு. ஆபத்தைச் சோதிக்கும் பாதுகாப்பு மென்பொருள்கள் மடலிலுள்ள எல்லா இணைப்புகளையும் தாமே திறந்து பார்க்கும். அதில் விலகும் இணைப்பும் திறக்கப்பட்டு, கேட்டு வாங்கியவர்கள் தாம் அறியாமலே விலக்கப்பட்டார்கள். எனவே வெறுமனே பக்கத்தைத் திறப்பது விலகலாகாது, தனி வகைக் கோரிக்கை வர வேண்டும் என்று வகுத்தார்கள். நாம் விரும்பிச் சேர்ந்த கடையின் மடல் இப்போது வேண்டாமென்றால் இந்தப் பொத்தானை அழுத்துவதே முறை. யாரென்றே தெரியாதவரிடமிருந்து வந்ததற்குத்தான் ஸ்பேம் பொத்தான்.

கேட்டது எது, கேளாதது எது என்பதைக் கோடிக்கணக்கானோரின் விரல்களிடம் விட்டதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் தீர்ப்பு வழங்கப்படும் விதத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 550 என்று மறுக்கப்பட்டால் அனுப்புநருக்குத் தெரியும். தொலைபேசியை எடுப்பார், வேறு வழி பார்ப்பார். ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டு ஸ்பேம் பெட்டியில் போட்டால் அனுப்புநர் பதிலுக்குக் காத்திருப்பார், பெறுநர் வரவில்லை என்றே நினைப்பார். ஜிமெயிலில் 30 நாளில் மடல் தானாக அழிந்தும்விடும். ஸ்பேமராக இருந்தால் போகட்டும். முதல்முறையாக ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு உண்மையான விலைப்புள்ளி அனுப்பும் சிறு தொழிற்கூடமும் இதே மௌனத்தில்தான் அகப்படுகிறது. எல்லாவற்றையும் மறுத்தனுப்பவும் முடியாது. காரணம் தெரிந்தால் ஸ்பேமர் திருத்திக்கொள்வார். அடையாளம் சரியாக இல்லை என்ற காரணத்தையாவது வெளிப்படையாகச் சொல்வதில் தீங்கில்லை. 2025 மே மாதம் அவுட்லுக் சேவையில் பெருமளவு அனுப்புவோருக்கான விதிகளைக் கொண்டுவந்தபோது, தேறாத மடல்களைக் குப்பைப் பெட்டிக்கு அனுப்புவதாகத்தான் மைக்ரோசாஃப்ட் முதலில் அறிவித்தது. நடைமுறைக்கு வருமுன் முடிவை மாற்றிக்கொண்டு, 550 5.7.515 என்ற எண்ணுடன் மறுத்துத் திருப்புவது என்று தீர்மானித்தது. அந்த எண் கிடைத்தவர் தம் டி.என்.எஸ். பதிவுகளைச் சரிசெய்துகொண்டு மடலை மறுபடி அனுப்பலாம்.